மாமா காருக்கு நான் போட்ட பாலிஷ்

ஒரு காரைப் பளபளப்பாக்குவதற்காக அதை உப்புத்தாளால் தேய்த்தவன் நான். கதவுக்கும் ஜன்னலுக்கும் தச்சர்கள் தேய்ப்பார்களே, அதே உப்புத்தாள்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. முழுக்க முழுக்கச் சொந்த மூளை. அப்போது எனக்குப் பத்து வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என்னோடு படித்த பத்து வயதுக்காரர்களில் வேறு யாரும் காரை உப்புத்தாளால் தேய்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் சிரிக்க வைக்கிறவன் என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் இந்தக் கதையைப் பாதிவரை சொல்வேன். கோயிலில் மேளம் கொட்டுகிற இடம் வந்ததும் எல்லாரும் சிரித்து முடித்து, வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விடுவார்கள். மீதியைச் சொல்ல யாரும் விடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வேன். அது பொய். மீதியைக் கேட்க யாரும் நிற்காததில் எனக்குத்தான் நிம்மதி.

அந்தக் கார் மாமாவுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இது தெரியாதவன் நான் ஒருவன்தான். அம்மாவின் தம்பியான மாமா, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேனிலிருந்து காருக்கு மாறியதே அவருக்குப் பெரிய உயர்வு. ஆனால் அம்மா என்னிடம், ஊராரிடம், முக்கியமாகத் தூத்துக்குடியில் இருந்த பெரியப்பாவிடம் சொன்னது வேறு. “தம்பி கார் வாங்கியிருக்கான்” என்றாள்.

அம்மா பொதுவாகப் பொய் சொல்கிறவள் இல்லை. இந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பல வருஷமாக அவள் நெஞ்சுக்குள் ஊற வைத்திருந்தாள். எனக்குக் காது குத்தியபோது மாமா வேலை இல்லாமல் இருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கடுக்கன், புதுத்துணி, பழம், தேங்காய் எல்லாம் அவர்தான் கொண்டுவர வேண்டும். மாமாவும் கொண்டுவந்தார். டவுன்பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு மஞ்சப்பைக்குள்ளிருந்து சீரை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்பாவின் அண்ணனான பெரியப்பா சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மெதுவாகத்தான் சொன்னார், “சீரு பைக்குள்ளயே அடங்கிட்டே, நல்லதாப் போச்சு. தட்டு வாடகை மிச்சம்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்திருக்கிறார். அதுதான் அம்மாவுக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன்.

என் தங்கச்சிக்குக் காது குத்து என்று முடிவானதும் அம்மா மாமாவை வரச்சொன்னாள். முதலாளி அந்தச் சமயத்தில் மெட்ராஸ் போவதாக இருந்தது. “வண்டிய ஷெட்ட விட்டு எடுக்காத. காலைல ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் போட்டாப் போதும்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். மாமா காது குத்துக்கு லீவு கேட்டிருந்தார், கிடைத்திருந்தது. கார் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு எடுக்க முடியாதே. அவரும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டதெல்லாம் பின்னாளில் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் நாவல்பழ நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது, அதிலிருந்து என் மாமா இறங்கினார் என்பதுதான்.

எங்கள் வீடு அப்போது இடைசெவல் பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தது. மண்ணும் கறுப்பு, ஆட்களும் கறுப்பு, புழுதி படிந்து எங்கள் ஊர் வெள்ளாடும் கறுப்பு. அந்த ஊரில் அப்படி ஒரு நிறத்தை நாங்கள் பார்த்ததில்லை. வெயில் பட்டால் பெயிண்டுக்கு உள்ளே காக்காய்ப்பொன் தூவியது போல மினுமினுத்தது. மெட்டாலிக் என்று அதற்குப் பெயர் என மாமா சொன்னார். நான் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். “எங்க மாமா காரு. மெட்டாலிக்கு” என்று பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தவர்களிடம்கூடப் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது காரின் முன்பக்கம் முழுக்கப் புழுதி படிந்திருந்தது. பெரியப்பா வந்துவிட்டார், உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார் என்றார்கள். இந்த நிலையில் அவர் எழுந்து வந்து பார்த்தால் மாமாவின் கௌரவம் என்ன ஆவது? நான் காரியத்தில் இறங்கினேன்.

எனக்குத் தொழில் தெரியும் என்று நம்பினேன். நான் கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவன். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பெயிண்டிங் பட்டறை. அதில் ஒருநாள் காலை, புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு காரின் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி, கறுப்பு நிறத் தாள் ஒன்றால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வருகையில் அதே கார் பக்கத்து வேப்பமரத்தை இலை இலையாகக் காட்டிக்கொண்டு நின்றது. தாளால் தேய்த்தால் பளபளப்பு வரும் என்று புரிந்துகொண்டேன். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் அந்தப் பட்டறையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. நடுவில் எனக்குக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் கதவு வேலைக்கு வந்த ஆசாரி விட்டுப்போன உப்புத்தாள் ஒரு துண்டு பரணில் கிடந்தது. அது மரத்துக்கானது, பட்டறைக்காரர் வைத்திருந்தது வேறு என்கிற நுணுக்கமெல்லாம் எனக்கு எங்கே? ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பானட்டின் நடுவில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து ஆரம்பித்தேன். அரிசி புடைக்கிற ஒரு சுளகு அளவு இடத்தை நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்தேன். தண்ணீர் பாலாக வழிந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பளபளவென்று இருந்தது. தள்ளி நின்று ரசித்தேன்.

பிறகு காய ஆரம்பித்தது.

ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல வெளுத்தது. திருநீறை அள்ளித் தேய்த்தது போல ஆனது. கிட்டப் போய்ப் பார்த்தால் கோடு கோடாகக் கீறல். மறுபடி தண்ணீர் ஊற்றினேன். கீறல் மறைந்தது. காய்ந்தது. கீறல் வந்தது. இதிலிருந்து எந்தப் பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். நான் வந்த முடிவு, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது. வெயில் காயவைக்கக் காயவைக்க நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தொட்டித் தண்ணீர் பாதிக்கு வந்துவிட்டது.

மாமா தூங்கி எழுந்து வெளியே வந்தார்.

“என்னலே பண்ணுத?”

“பாலிஷ் போடுதேன் மாமா.”

அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். கட்டைவிரலால் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். பிறகு டயருக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அடி விழும் என்று நான் முதுகைத் தயார் செய்துகொண்டேன். விழவில்லை. அவர் கையைக்கூட ஓங்கவில்லை. சொந்தக் காரைக் கெடுத்தவனையே அடிக்காத மாமா எவ்வளவு நல்லவர் என்று மனசுக்குள் உருகினேன். ஊரான் காரைக் கெடுத்தவனை அடிக்க அவரிடம் அந்த நேரத்தில் தெம்பு இல்லை என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

அம்மா வந்தாள். பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“யக்கா, வேல போச்சுக்கா” என்றார் மாமா. பாலிஷ் வேலை கெட்டுப்போனதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“சத்தங் காட்டாத. பெரியத்தான் உள்ள படுத்திருக்காவ.” அம்மா என்னைப் பார்த்து, “நீ ஒனக்குத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய எடுத்துட்டு வா. ஓடாத, நடந்து போ” என்றாள்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஊற்றி, எனக்குத் தலையில் தேய்ப்பது போலவே பானட்டில் பரபரவென்று தேய்த்தாள். வெள்ளை மாயமாய் மறைந்தது. கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கள் மூன்று பேர் முகங்களும் அதில் வரிசையாகத் தெரிந்தன. மாமா அப்போதுதான் மூச்சு விட்டார். “இது நாளைக்குத் தாங்குமாக்கா?” என்று கேட்டார். “ஒன் மருமவன் தலைல ஒரு நாள் தாங்குதுல்லா?” என்றாள் அம்மா.

எங்கள் குலதெய்வக் கோயில் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில், ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். பருத்தி எடுத்து முடிந்த மாசி மாதம். வண்டிப்பாதை மாவு போலப் பொடிந்து கிடந்தது. மறுநாள் காலை அப்பாவும் பெரியப்பாவும் மற்றவர்களும் வாடகை வேனில் முன்னால் போனார்கள். நாங்கள் காரில் பின்னால். அந்த வேன் கிளப்பிய புழுதி முழுவதும் எங்களுக்கே. அதில் தவறில்லை, புழுதி எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் காரின் மற்ற இடங்களில் விழுந்த புழுதி வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் இருந்த இடத்தில் விழுந்தது போகவில்லை. கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, பானட்டின் நடுவில் ஒரு சுளகு அளவுக்குக் கரிசல்மண் தங்கி, தடித்து, கடைசியில் கரடி முதுகு போல மயிர் வைத்துவிட்டது.

கோயிலுக்கு முந்தின வளைவில் மாமா வண்டியை நிறுத்தினார். அம்மா இறங்கித் தலைப்பால் துடைத்தாள். அது களிம்பாகி இன்னும் அகலமாகப் பரவியது. தூரத்தில் மேளக்காரர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. பெரியப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு நிமிஷம்தான் யோசித்திருப்பாள். மாமா தோளில் கிடந்த புதுத்துண்டை உருவி, அந்தக் கரடியின் மேல் விரித்தாள். பின்சீட்டிலிருந்து சீர்த்தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தாள். கம்மல் தட்டு, துணித் தட்டு, பழத்தட்டு, நடுவில் தேங்காய். இடுப்பில் தங்கச்சியோடு அவள் ஒருபக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு பக்கம் நான். “உருட்டுலே, நடக்குற மாதிரி உருட்டு” என்றாள். மாமா உருட்டினார். நெற்றியில் சீரைச் சுமந்துகொண்டு ஒரு கார் மாப்பிள்ளை போல மெல்ல நடந்து வருவதைப் பார்த்ததும் மேளக்காரர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓடி வந்து எங்கள் முன்னால் நின்று வெளுத்து வாங்கினார்கள்.

“இது என்ன புதுசா இருக்கு?” என்றார் பெரியப்பா.

“எங்க பக்கம் இப்படித்தான் பெரியத்தான். சீரு முன்னால வரணும், ஆளு பின்னால வரணும்” என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பெரியப்பா தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கொஞ்ச காலம் கழித்து அவர் பேத்திக்குக் காது குத்தியபோது சீர்த்தட்டுகள் தூத்துக்குடியில் ஒரு காரின் பானட் மேல் வந்தன. இப்போது எங்கள் சொந்தத்தில் யாருக்குக் காது குத்தினாலும் அப்படித்தான். தட்டு சரியாமல் இருக்க ஒரு மரச்சட்டம்கூடச் செய்து வாடகைக்கு விடுகிறார்கள். இதன் தாத்பரியம் என்ன என்று என்னிடமே ஒருவர் விளக்கியிருக்கிறார். பக்தியோடு கேட்டுக்கொண்டேன்.

தங்கச்சி மாமா மடியில் உட்கார்ந்து வீரிட்டாள். நகை ஆசாரி இரண்டாம் காதையும் குத்தி முடிக்கிறவரை மாமா அவள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத்தான் பொத்த ஆள் இல்லை. பந்தியில் பெரியப்பா, “பரவால்ல, பய தேறிட்டான்” என்று அப்பாவிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா அன்று இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பொதுப் பந்தியில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கல்யாண வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். மேற்கொண்டு நடந்தது மறுநாள்.

முதலாளி வர இன்னும் ஒரு நாள் இருந்தது. மாமா காரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் அதே பெயிண்டிங் பட்டறையில் விட்டார். “தேய்ச்சவனே தேய்க்கட்டும்” என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். பட்டறைக்காரர் பேச்சில் மன்னன். கை வேலையில் இறங்குவதற்கு முன் வாய் பல ஊர் போய் வந்துவிடும். பானட்டைப் பார்த்து, “யாரு கைவண்ணம் இது?” என்றார். மாமா மோவாயால் என்னைக் காட்டினார்.

“ஏலே, நல்லா இழைச்சிருக்க. இன்னும் ரெண்டு இழைப்பு இழைச்சிருந்தா இன்ஜின் தெரிஞ்சிருக்கும்.”

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போட்டு எடுத்துவிட்டு, விரல் நகத்தால் கீறல்களின் மேல் குறுக்கே இழுத்துப் பார்த்தார். மெட்டாலிக் பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட்டுன்னு சொல்லுவாவ, கீறல் அதோடு நின்றுவிட்டது, கலருக்கு ஒன்றுமில்லை என்றார். கீறலை மட்டும் தனியாக எடுக்க முடியாது. அது இருக்கிற ஆழத்துக்குச் சுற்றியிருக்கிற பூச்சையும் தேய்த்து இறக்கினால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒரு இடத்தில் நகம் மாட்டியது. “இது ஒண்ணு ஆழமா எறங்கிட்டு. இதப் போக்கப் பாத்தாப் பூச்சே போயிரும். நேராப் பாத்தாத் தெரியாது, சாய்ஞ்சு பாத்தா ஒரு மயிரிழை தெரியும். பாக்குதவிய சாய்ஞ்சு பாக்குத ஆளா?”

“நிமிந்து பாக்குத ஆளுதான்” என்றார் மாமா. பெரியப்பாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பட்டறைக்காரர் கறுப்புத் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். காகிதமா துணியா என்று தெரியாத அளவுக்கு வழவழவென்று இருந்தது. அதை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்க்கத் தேய்க்க, என் சுளகு அளவு வெள்ளை பெருகி, பானட் முழுவதும் வெளுத்துவிட்டது. மாமா முகமும் சேர்ந்து வெளுத்தது. அந்த நிலையில் காரை விட்டுவிட்டுப் பட்டறைக்காரர் டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருகிறவரை நானும் மாமாவும் அந்த வெள்ளைப் பானட்டின் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

வந்தவர் ஒரு டப்பாவிலிருந்து காம்பவுண்ட் என்கிற பசையை எடுத்தார். பல்பொடியைக் குழைத்தது போல இருந்தது. ஈரத் துணியில் தொட்டு, கையகல இடமாக எடுத்துத் தேய்த்தார். “அமுக்காதலே. ஒன் வீட்டுக் கதவு இல்ல இது. கைய மட்டும் ஓட்டு” என்று என் கையிலும் ஒரு துணி கொடுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து நாவல்பழ நிறம் மேலே வந்தது. அடுத்து மாமாவின் முகம் வந்தது. அடுத்து பட்டறை வாசல் வேப்பமரம் வந்தது. கணக்குப் பாட நேரத்தில் நடந்தது என்ன என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. இப்போது இதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது; கைபேசியில் யார் யாரோ செய்து காட்டுகிறார்கள். மற்றவர்கள் சமையல் வீடியோ பார்ப்பது போல நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதியில் நிறுத்திவிடுவேன்.

சாயங்காலம் காரை மொத்தமும் கழுவித் துடைத்தோம். வண்டியை ஒரு இடத்தில் விட்டுவிட்டு உன்னைப் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றார் மாமா. நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். கார் ஒரு பெரிய வீட்டின் கேட்டுக்குள் திரும்பியதும் தாளம் நின்றது. வீட்டுப் படியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். பக்கத்தில் பெட்டி. சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே, அப்போதுதான் ரயிலிலிருந்து வந்து இறங்கியிருக்க வேண்டும்.

மாமா இறங்கி, “வாட்டர் சர்வீஸ் விட்டுட்டு வாரேன் முதலாளி. புழுதியாக் கெடந்துச்சு” என்றார்.

முதலாளி என்ற வார்த்தை எனக்கு எதையும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் டீக்கடைக்காரரையும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். காரைப் பார்க்க வந்த யாரோ ஒரு பெரியவர் என்று நினைத்தேன்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். நிமிர்ந்துதான் பார்த்தார். “பரவால்லப்பா, நல்லாத் தொடச்சிருக்க” என்றார். மாமா சிரித்தார். அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது. கீறல் போய்விட்டது, கார் ஷெட்டுக்குப் போகப்போகிறது, மாமா வேலையில் இருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு ஒரு தும்மல் வந்திருக்கலாம், மூத்திரம் வந்திருக்கலாம்.

“இது யாரு பையன்?”

“அக்கா மவன் முதலாளி.”

அவர் உள்ளே போய் ஒரு கடலைமிட்டாய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நல்ல மனிதர். குனிந்து, “காரு புடிச்சிருக்கா ஒனக்கு?” என்று கேட்டார்.

என்ன கேள்வி அது. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.

“எங்க மாமா காருல்லா” என்றேன். “முந்தாநாளே எங்க ஊருக்குக் கொண்டு வந்துட்டாவ. நேத்து இதுலதான் எப்போதும்வென்றான் போயி தங்கச்சிக்குக் காது குத்துனோம். சீர்த்தட்டெல்லாம் இதும்மேல வச்சித்தான் கொண்டு போனோம். பானட்டுக்கு நாந்தான் பாலிஷ் போட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். “அப்படியா” என்றார்.

பெரியவருக்குக் கார் மேல் ஆசை, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுப் பெருந்தன்மையைக் காட்ட வேண்டிய நேரம் இது.

“ஒங்களுக்கு வேணும்னாலும் எங்க மாமாட்டக் கேளுங்க. ஒரு நாளைக்குத் தருவாவ.”

அவர் காருக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்து, வெளிச்சம் படுகிற கோணத்தில் பானட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “சாவியக் குடுத்துட்டுப் போ” என்றார். மாமா இரண்டு கையாலும் நீட்டினார், கோயிலில் எதையோ வாங்குகிறவர் போல.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். நான் வழியெல்லாம் அந்தக் கடலைமிட்டாயைத் தின்றுகொண்டே வந்தேன். நல்ல ருசி. இன்றுவரை அந்த ருசி ஞாபகம் இருக்கிறது என்பதை நினைத்தால்தான், மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்று வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை. அம்மா மாமாவுக்குச் சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். அவளுக்குத் தம்பியைப் பார்த்து அழக்கூட வழியில்லை, காரை எடுக்கச் சொன்னவளே அவள்தானே. சொல்லாமல் வண்டியை எடுத்தவன் என்ற பேச்சு கோவில்பட்டியில் கம்பெனி கம்பெனியாகப் போய்விட்டது. பழைய வேன் வேலைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் விஷயம் போகாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். “அந்தக் கார் ராசியில்லன்னு வித்துட்டான் பெரியத்தான்” என்று சொல்லி முடித்துவிட்டாள். பெரியப்பா, “நல்ல வண்டி, அவசரப்பட்டுட்டான்” என்று வருத்தப்பட்டாராம்.

மாமா திருப்பூருக்குப் போவதாக முடிவானது. பனியன் கம்பெனியில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். வழியனுப்ப நானும் அம்மாவும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அம்மா அவருக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பப் போயிருந்தாள். நான் அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல நாளாக எனக்குள் ஒரு ஆத்திரம் இருந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மிட்டாயைக் கொடுத்து ஏமாற்றி, மாமாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார், கார் திரும்பி வரவே இல்லை, வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவும் இல்லை. பெரியவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. மாமாவிடம் நெருங்கிப் போய்க் கேட்டேன்:

“அந்த ஆளு ஒங்க காரப் புடுங்கிட்டாருல்லா மாமா. போலீஸ்ல சொல்லுவமா? நான் வந்து சாட்சி சொல்லுதேன், அது ஒங்க காருதான்னு.”

மாமா என்னைப் பார்த்தார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்:

“இனிமே என்னப் பத்தி எவங்கிட்டயும் பெருமையாப் பேசாதலே.”